பால்குடிக் குட்டிகளின் பாட்டிலில் பப்பாளி விதை

நம் ஊரில் பன்றிப் பண்ணை கிடையாது. கடைசிப் பண்ணையை மூடியபோது உங்களில் பலர் பிறந்திருக்கவே மாட்டீர்கள். ஆனாலும் பன்றி விட்டையைக் கிளறிப் பார்ப்பதற்கென்றே நம் ஆய்வுக்கூடத்தில் தனியாக ஒரு அறை இருக்கிறது. அந்த அறைக்குத் தனியாக ஒரு ஃப்ரிட்ஜ் இருக்கிறது. அதன் கதவில் "சாப்பாடு வைக்காதீர்கள்" என்று நான்கு மொழிகளிலும் எழுதி ஒட்டியிருக்கிறது. அப்படியும் யாரோ ஒரு மகராசன் ஒரு நாள் அதற்குள் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தை வைத்துவிட்டுப் போனான். அந்த அறையில்தான் என் உத்தியோக காலம் முழுக்கக் கழிந்தது.

புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் நீங்கள், "ஏதாவது எழுதிக் கொடுங்கக்கா" என்று கேட்டீர்கள். கிருமியை எப்படி வளர்ப்பது, எப்படி எண்ணுவது என்றெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அதற்குக் கையேடு இருக்கிறது. அதைப் படிக்காமல் வேலைக்கு வருகிறவர்களைப் பார்த்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் சொல்லப்போவது ஒரே ஒரு பண்ணையின் கதை.

நம் வேலை என்ன என்பதை உங்கள் வீட்டில் யாராவது கேட்டால் இப்படிச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியில் எந்த மருந்துக்கும் கேட்காமல் கிடக்கும் நோயாளிக்குக் கொடுக்க டாக்டர்கள் கடைசியாக ஒரு மருந்து வைத்திருக்கிறார்கள். அதே மருந்தைச் சில பண்ணைகளில் குழம்புக்கு உப்புப் போடுகிற மாதிரி பன்றித் தீவனத்தில் போடுகிறார்கள். தினமும் அதைத் தின்கிற பன்றியின் குடலில் இருக்கும் கிருமிகள் நாளடைவில் அந்த மருந்துக்கு அடங்காமல் போய்விடுகின்றன. அந்தக் கிருமி பன்றியோடு படகேறி நம் ஊருக்கு வந்தால், நாளைக்கு நோயாளிக்குக் கொடுக்க டாக்டர் கையில் ஒன்றும் இருக்காது. அதனால்தான் நாம் விட்டையைக் கிளறுகிறோம்.

நான் பிறந்ததிலிருந்து சைவம். என்னோடு வேலை பார்த்த காதர் பாய் ஐந்து வேளையும் தொழுகிறவர். பன்றி விட்டைப் பிரிவில் நாங்கள் இருவர்தான் சீனியர்கள். "என் சாப்பாட்டுல இல்லாதது எல்லாம் என் வேலையில இருக்கு சரோ" என்பார் அவர். அவர் விட்டையைத் தொட மாட்டார். பரிசோதனைத் தட்டில் வளர்ந்த கிருமியை மட்டும் கையுறை போட்டு வாங்கிக்கொண்டு அதன் ஜாதகத்தை எடுத்துத் தருவார். எந்தக் கிருமி எதற்கு உறவு, எது யாருடைய வாரிசு என்று அவர் சொன்னால் அதில் மறுபேச்சு இல்லை. நான் விட்டைக்குப் பொறுப்பு. மாலையில் ஊரின் மேற்கே பூன் லேயில் ரயிலேறிக் கிழக்கே பாசிர் ரிஸ் போய்ச் சேரும் வரை எனக்குப் பக்கத்து இருக்கை பெரும்பாலும் காலியாகவே வரும். குளித்துவிட்டுத்தான் கிளம்புவேன், இருந்தாலும் வாசனை கூடவே வரும். ஒரு நாள் தேக்கா மார்க்கெட்டுக்குப் போய் ரெண்டு முழம் மல்லிகை வாங்கித் தலையில் வைத்துப் பார்த்தேன். மல்லிகையோடு சேர்ந்த அந்த வாசனை இன்னும் மோசமாக இருந்தது என்று என் வீட்டுக்காரர் சொன்னார்.

கதைக்கு வருகிறேன். அண்டை நாட்டுத் தீவு ஒன்றில் புதிதாக ஒரு சின்னப் பண்ணை. நம் ஊருக்குப் பன்றி அனுப்ப அனுமதி கேட்டிருந்தது. அங்கே கால்நடை டாக்டராக இருந்தவர் குமரேசன் என்ற நாமக்கல் பையன். சந்தேகம் கேட்டு எனக்கு அடிக்கடி போன் பண்ணுவார். முதலில் மேடம் என்றார், இரண்டாவது போனிலேயே அக்கா ஆகிவிட்டேன். தீவனத்தில் மருந்து போடுவதை நிறுத்தியே ஆகவேண்டும் என்று முதலாளியோடு சண்டை போட்டு நிறுத்தியவர் அவர்தான். நிறுத்திய புதிதில் குட்டிகள் கழிந்து கழிந்து செத்தன. முதலாளி வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார்.

"அக்கா, பரிசோதனையில பாஸ் ஆனா நான் பொழச்சேனுங்க" என்றார் குமரேசன். "இல்லேன்னா என்னை ஊருக்கு அனுப்பிருவாரு. அது போனாப் போகுது. மருந்து மூட்டை ஸ்டோருக்கு வந்து எறங்கியாச்சுங்க்கா. பெயில்னு தெரிஞ்ச அன்னிக்கே எல்லாத்தையும் மறுபடி தீவனத்துல கொட்டப்போறாரு."

முதல் முறை விட்டை எடுக்கப் போனது நான் இல்லை. எங்கள் டைரக்டர் மேடம் ஓங் தானே போவேன் என்று கிளம்பிவிட்டார். கெட்டிக்காரி, நேர்மையானவர், ஆனால் அதுவரை பன்றியைச் சாப்பாட்டுத் தட்டில் மட்டும் பார்த்தவர். புது வெள்ளை பூட்ஸ் வாங்கிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது முகம் பூரித்துக் கிடந்தது. "என்ன சுத்தம் லா அந்தப் பண்ணை! தரையில் உட்கார்ந்து சாப்பிடலாம்" என்றார். அவர் பேசுவது இங்கிலீஷ். நான் தமிழில் தருகிறேன், நம் ஊர்ப் பேச்சில் ஒட்டிவரும் அந்த லாவை மட்டும் அவர் வைத்த இடத்திலேயே விட்டுவிடுகிறேன். கொட்டகைக்கு ஒன்றாகப் பாட்டில்கள் வந்தன. எல்லாவற்றிலும் அழகாக லேபிள், எல்லாவற்றிலும் மேடம் ஓங்கின் கையெழுத்து.

அடுத்த சில நாட்களில் எங்கள் தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். கடைசி மருந்து கலந்த தட்டுகள் எல்லாவற்றிலும் கிருமி செழித்து வளர்ந்திருந்தது. ஒரு கொட்டகைகூடத் தப்பவில்லை. மேடம் ஓங் தலையில் கை வைத்துக்கொண்டார். அனுமதி இல்லை என்று சொல்ல மறுநாள் காலை கூட்டம் வைத்தார். அன்று பார்த்து குமரேசன் போன் பண்ணினார். "எப்படிங்க்கா இருக்கு?" என்றார். வேலை நடக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். கூட்டம் முடியும் முன் முடிவைச் சொல்லக் கூடாது என்பது விதி. எனக்கு அழுகையாக வந்தது.

மனசு ஆறாமல் பாட்டில்களையே திரும்ப எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தேன். எல்லாமே ஒரே நிறம், ஒரே பதம். "பால்குடிக் குட்டிகள்" என்று எழுதிய பாட்டிலைத் திறந்து ஒரு குச்சியால் கிளறினேன். கறுப்பாக, உருண்டையாக, பளபளவென்று நாலைந்து விதைகள். பக்கத்துப் பாட்டிலிலும் அதே. அதற்கு அடுத்ததிலும் அதே.

"பாய், இங்க வாங்க. இது என்ன விதை?"

காதர் பாய் எட்ட நின்றே கழுத்தை நீட்டிப் பார்த்தார். "பப்பாளி. எங்க வீட்டு ஃப்ரிட்ஜ்ல பாதிப் பழம் இருக்கு. அடியே சரோ, இனிமே அதை நான் எப்படித் திங்கிறது?"

"பால் குடிக்கிற குட்டி பப்பாளி திங்குமா பாய்?"

அவர் பதில் சொல்லாமல் உள்ளே போய்க் கிருமிகளின் ஜாதகத்தை எடுக்க ஆரம்பித்தார். மறுநாள் கூட்டத்துக்கு முன் கொண்டுவந்து கொடுத்தார். எல்லாப் பாட்டிலிலும் அச்சு அசலாக ஒரே கிருமி. தாய்ப் பன்றி, குட்டி, கொழுக்க வைத்த பன்றி எல்லாவற்றின் குடலிலும் ஒரே கிருமி மட்டும் குடியிருக்க வாய்ப்பே இல்லை. ஒரே அடுக்குமாடி புளோக்கில் எல்லா வீட்டுக்காரர்களும் ஒரே முகமாக இருந்த மாதிரி.

கூட்டத்துக்கு நான் அந்தப் பாட்டிலைக் கையோடு கொண்டுபோனேன். மேசையில் டீயோடு தின்னக் கரிபஃப் தட்டு வைத்திருந்தார்கள். அதன் பக்கத்தில் வைத்தேன். வேறு இடமில்லை.

"மேடம், இது குட்டிகளோட பாட்டில். இதுல பப்பாளி விதை இருக்கு."

மேடம் ஓங் பாட்டிலைப் பார்த்தார், கரிபஃப்பைப் பார்த்தார், தட்டைத் தள்ளி வைத்தார். "அம்மா பப்பாளி சாப்பிட்டிருக்கும் லா."

"பாலில் விதை வருமா மேடம்?"

யாரோ கொல்லென்று சிரித்துவிட்டுச் சட்டென்று இருமினார்கள். மேடம் ஓங்கின் முகம் சிவந்தது. "நான் எடுத்தது தப்பு என்கிறாயா?"

பிள்ளைகளே, இந்த இடத்தை நன்றாகக் கவனியுங்கள். டைரக்டரைப் பார்த்து உங்கள் விட்டை செல்லாது என்று சொல்ல எந்தக் கையேட்டிலும் வாசகம் இல்லை. ஆனால் குமரேசனின் குரல் காதிலேயே நின்றது. "நீங்க எடுக்கும்போது கண்ணால பார்த்தீங்களா மேடம்?" என்று கேட்டேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு, "சாப்பாடு போட்டார்கள். வரவேற்புரை இருந்தது. ஒரு பாட்டு கூட இருந்தது. முடிந்ததும் பாட்டில்கள் தயாராக வந்தன" என்றார். சொல்லும்போதே அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது. பிறகு அவரே பண்ணையின் மேற்பார்வையாளர் ஹெர்மனைப் போனில் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

ஹெர்மன் ஒளிக்கவே இல்லை. தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சந்தோஷமாகச் சொன்னார். "நீங்க வர்றீங்கன்னு எல்லாக் கொட்டகையையும் ராத்திரி முழுக்கக் கழுவினோம் மேடம். பன்னிங்களைக்கூடக் குளிப்பாட்டினோம். காலையில பார்த்தா எடுக்க ஒண்ணுமே இல்ல. சீக்குப் பன்னிங்களை அடைக்கிற நோய்ப்பட்டியில மட்டும்தான் கிடந்துச்சு. அங்க ஒரு பன்னி தாராளமாப் போட்டிருந்துச்சு. அதையே எல்லாப் பாட்டில்லயும் பிரிச்சு வச்சோம். அவ்வளவு தூரம் வந்தவங்களை வெறுங்கையோட அனுப்ப எங்களுக்கு மனசு வரல."

மேடம் ஓங் போனுக்கு நன்றி சொல்லி வைத்தார். "ஒரே பன்றி" என்றார். "ஒரு நோயாளிப் பன்றியின் விட்டைக்கு நான் ஒவ்வொரு பாட்டிலாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன் லா." அப்புறம் அவரே சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார். அன்றிலிருந்து அந்த அம்மா மேல் எனக்கு ரொம்ப மரியாதை.

சிரித்து முடித்ததும் அவர் சொன்னது: "சரி, இதை எல்லாம் தூக்கிப் போடு. புதிதாக எடுப்போம். கொட்டகைகளில் மட்டும் எடுத்தால் போதும். நோய்ப்பட்டிப் பன்றிகளை எப்படியும் அனுப்பப் போவதில்லையே."

எனக்குக் கேட்க எவ்வளவு இதமாக இருந்தது தெரியுமா? பாட்டில் பொய், முடிவும் பொய், குமரேசன் தப்பித்தார். சரி மேடம் என்று தலையாட்டியிருந்தால் போதும். ஆனால் பாட்டில்தான் பொய், கிருமி நிஜம். எங்கோ ஒரு பன்றி வயிற்றில் அது இருக்கத்தான் செய்தது. மருந்தை நிறுத்தியதாகச் சொன்ன பண்ணையில் மருந்துக்கு அடங்காத கிருமி எப்படி வந்தது? நோய்ப்பட்டியிலும் எடுக்க வேண்டும் என்றேன். காதர் பாய் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். நான் திரும்பவும் சொன்னேன், மேடம் ஓங் ஒப்புக்கொண்டார்.

அன்று சாயங்காலம் குமரேசன் போனில் கத்தினார். "கொட்டகை போதும்னு உங்க மேடமே சொன்னாங்களாமே. நீங்க ஏனுங்க்கா நோண்டுறீங்க?" அக்கா என்று சொன்னதைத் தவிர அதில் மரியாதை எதுவும் இல்லை. எனக்கு அப்போதே சுருக்கென்றது.

இரண்டாம் முறை மேடம் ஓங்கும் நானும் போனோம். இந்தத் தடவை "தயவுசெய்து சுத்தம் செய்யாதீர்கள்" என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தோம். அந்தத் தீவில் எங்கள் வார்த்தைக்கு எவ்வளவு மதிப்பு என்பது படகுத்துறையில் இறங்கும்போதே மூக்குக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் தகவல் கிடைத்த நாளிலிருந்து அவர்கள் எதையுமே சுத்தம் செய்யவில்லை. கொட்டகை மட்டுமில்லை, ஆபீஸ், சமையலறை, கழிவறை எதையும் இல்லை. எங்களை வரவேற்கச் சிவப்புக் கம்பளத்தை எடுத்துவந்து விட்டையின் மேலேயே விரித்திருந்தார்கள். மேடம் ஓங் கால் வைத்ததும் கம்பளம் சளக் என்று உள்வாங்கியது.

"உத்தரவுப்படி எதையும் தொடல மேடம்!" என்று ஹெர்மன் விறைப்பாக நின்றார். ஹெர்மன் இரண்டு வாரச் சட்டையில் இருந்தார். அதையும் துவைக்கவில்லை போலிருக்கிறது.

ஆனால் பழைய விட்டை நமக்கு ஆகாது, புதிது வேண்டும். ஆளுக்கொரு கரண்டியோடு பன்றிகளின் பின்னால் நின்றோம். இவ்வளவு பேர் பார்க்கும்போது எந்தப் பன்றிக்குத்தான் வரும்? முதலாளி பூப்போட்ட பத்திக் சட்டையோடு வந்து அவற்றுக்குக் கை தட்டி உற்சாகம் கொடுத்தார். ஹெர்மன் ஒரு தாய்ப் பன்றியைப் பார்த்து, விருந்தாளி முன்னால் மானத்தை வாங்காதே என்று கெஞ்சினார். கடைசியில் அந்தத் தாய்ப் பன்றி மனமிரங்கியது. "வருது! வருது!" என்று மேடம் ஓங் கத்திய கத்தலில் பக்கத்துக் கொட்டகையும் பயந்துபோய் வேலையைத் தொடங்கிவிட்டது. மதியத்துக்குள் எல்லாப் பாட்டில்களும் நிறைந்தன, எல்லாம் எங்கள் கண்ணெதிரே.

நோய்ப்பட்டிக்கு நான் தனியாகப் போனேன். குமரேசன் கதவைத் திறந்துவிட்டு ஓரமாக நின்றார். பன்றிகள் தெம்பாகத்தான் இருந்தன. நான் குனிந்து எடுக்கும்போது அவர் மெல்லச் சொன்னார்.

"அதுல இருக்குங்க்கா. எனக்குத் தெரியும்."

நான் நிமிர்ந்தேன்.

"தீவனத்துல நிறுத்துனது நெஜம். ஆனா இந்தப் பட்டியில நான்தான் குடுத்தேன். பப்பாளிக்குள்ள வச்சு என் கையாலயே ஊட்டுனேன். செத்துக்கிட்டு இருந்துச்சுங்க்கா. படிச்சதெல்லாம் அப்ப மண்டைக்கு வரல." அவர் கண் கலங்கிவிட்டது. "பாட்டில் மாறிப்போச்சுன்னு கேட்டப்ப, கடவுளே என்னைக் காப்பாத்திட்டாருன்னு நெனச்சேன். நீங்க விடல."

எனக்கு அவர் மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. "முதலாளிகிட்ட நான் சொல்லணுமா, நீங்க சொல்றீங்களா?" என்று மட்டும் கேட்டேன். "நானே சொல்றேனுங்க" என்றார்.

திரும்பி வரும்போது நம் ஊர்த் தானா மேரா ஃபெரி துறையில் சோதனைக்கு நின்ற ஒரு தமிழ்ப் பையன் எங்கள் குளிர்பெட்டியை நிறுத்தினான். "உள்ள சாப்பாடாக்கா?" என்றான். "நேத்து வரைக்கும் சாப்பாடுதான் தம்பி" என்றேன். திறந்து பார்த்துவிட்டு அவன் எங்களை விரட்டாத குறையாக அனுப்பி வைத்தான்.

முடிவு வந்தது. கொட்டகைகள் எல்லாம் சுத்தம். கடைசி மருந்துக்கு எல்லாக் கிருமியும் அடங்கியது. நோய்ப்பட்டியில் மட்டும் அதே பழைய கிருமி. இதைப் போனில் சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. மேடம் ஓங்கும் நானும் நேரில் போனோம்.

ஆபீஸில் முதலாளி, ஹெர்மன், குமரேசன் மூவரும் இருந்தார்கள். ஹெர்மன் இப்போது துவைத்த சட்டை போட்டிருந்தார். நான் முடிவைச் சொல்லி முடித்ததும் குமரேசன் எழுந்து நின்று, பட்டியில் மருந்து கொடுத்தது தான்தான் என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னார். முதலாளி எழுந்து அடிக்கப் போகிறார் என்றே நினைத்தேன். அந்த மனுஷன் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மருந்து போட்ட இடத்துல கிருமி" என்றார். "போடாத இடத்துல இல்ல. இதைத்தானே என்கிட்ட மாசக்கணக்கா கத்துன? டாக்டர், நான் உன் பேச்சைக் கேட்டேன். நீ ஏன் கேட்கல?"

மருந்து மூட்டைகளை அன்றே திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டார் முதலாளி. குமரேசனின் வேலையும் போகவில்லை. அனுமதிக்கு மேடம் ஓங் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். நோய்ப்பட்டி காலியாக வேண்டும். அந்தப் பன்றிகளோ அவற்றின் கிருமியோ அங்கிருந்து எங்கும் போகக் கூடாது. அவற்றைக் கொன்றுவிட வேண்டும் என்பதுதான் அதற்கு அர்த்தம், அறையில் இருந்த எல்லாருக்கும் அது புரிந்தது. அந்த நிபந்தனைக்குக் கீழே இரண்டாவது கையெழுத்து என்னுடையது.

"நான்தான் செய்யணும். வேற யாரும் அதுங்களைத் தொட வேண்டாம்" என்றார் குமரேசன்.

மற்றவர்கள் படகுத்துறைக்கு நடந்தார்கள். நான் அவர் பின்னால் நோய்ப்பட்டிக்குப் போனேன். ஊசிப் பெட்டியோடு அவர் கதவைத் திறந்ததும் பன்றிகள் எல்லாம் எழுந்து குடுகுடுவென்று அவரிடம் ஓடிவந்தன. ஒன்று அவர் முழங்காலில் மூக்கை வைத்துத் தேய்த்தது.

"பாருங்க்கா, நல்லாயிருச்சு" என்றார். "எல்லாமே நல்லாயிருச்சு. எப்படி நடக்குது பாருங்க."

"நல்லாத்தான் நடக்குது தம்பி" என்றேன்.

பிள்ளைகளே, நாம் முடிவை எழுதுகிறவர்கள். எழுதிக் கொடுத்துவிட்டு ரயிலேறி வீட்டுக்குப் போய்விடலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். படகு ஊதுவது எங்களுக்குக் கேட்டது.

"படகு போயிருங்க்கா" என்றார் அவர், என்னைப் பார்க்காமல்.

"போகட்டும்" என்று சொல்லிவிட்டு, நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.